இறங்கும் நேரத்தில் காக்பிட்டுக்கும் கேபினுக்கும் நடுவே நடக்கும் தவறுகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலில் இன்ஜின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். முன்னால் பாறை சரிந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்பதெல்லாம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பார்க்கிறார். அவர் காட்டும் கொடியைப் பார்த்து அடுத்த பெட்டிக்காரர் காட்டுவார். அப்படியே கொடி கொடியாகச் சேதி இன்ஜினுக்குப் போய்ச் சேரும்.

விமானத்தில் இது தலைகீழ். ஓட்டுபவர் முன்னால் இருக்கிறார், அவர் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. இறக்கையில் தொங்கும் இன்ஜின்கூட பெரும்பாலான விமானங்களில் அவர் இருக்கையிலிருந்து தெரியாது. பார்க்கும் கண் பயணிகள் உட்காரும் கேபினில்தான் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். கேபின் க்ரூ, அதாவது விமானப் பணிப்பெண் வேலைக்கான பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். நானும் சில வருடம் அந்த வேலை பார்த்தவள் என்பதால் நோட்டோடு வந்து, "அக்கா, லேண்டிங் நேரத்துல பைலட்டுக்குப் போனே பண்ணக் கூடாதாமே?" என்றாள். பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

1974இல் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஒரு விமானம் மூடுபனியில் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. இறங்கும் நேரத்தில் விமானிகள் இருவரும் அரசியல், பழைய கார் என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளைப் பார்த்துத்தான் 1981இல் அங்கே ஒரு விதி போட்டார்கள்: 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் வேண்டாத பேச்சும் வேண்டாத வேலையும் கூடாது. நம் ஊர் விமானங்களிலும் இதே வழக்கம்தான். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், அதற்கும் மேலே இன்னும் 1,350 அடி போனால் அந்த உயரம் வந்துவிடும். அங்கிருந்து தரை தொட ஏறத்தாழ பத்து நிமிடம்.

விதி தடுப்பது வேண்டாத பேச்சை மட்டும்தான். காபி வேண்டுமா, சக்கர நாற்காலி எத்தனை சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். புகை, தீ, கருகல் வாடை, இதுவரை கேட்காத சத்தம், இறக்கையில் ஏதோ கோளாறு என்றால் எந்த உயரமாக இருந்தாலும் காக்பிட்டோடு பேசும் இன்டர்போனை எடுக்கத்தான் வேண்டும். புதிதாக வருபவர்கள் விதிக்குப் பயந்து இதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். தோளில் நான்கு கோடு போட்ட கேப்டன் சட்டையைப் பார்த்தாலே தொண்டை அடைத்துவிடும்.

அந்த மௌனத்தின் விலை என்ன என்று 1989 ஜனவரி 8 இரவு தெரிந்தது. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் கிளம்பிய போயிங் 737இல் இடது இன்ஜினின் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. விமானம் உதறியது, புகை வந்தது. விமானிகள் தவறாகக் கணித்து வலது இன்ஜினை அணைத்துவிட்டார்கள். தற்செயலாக உதறலும் குறைந்தது, சரியாகத்தான் செய்தோம் என்று நம்பினார்கள். "வலது இன்ஜினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம்" என்று கேப்டன் பயணிகளுக்கு அறிவித்தார். பின்பக்கம் இருந்த பல பயணிகளும் கேபின் க்ரூவில் மூன்று பேரும் தீப்பொறியைப் பார்த்தது இடது பக்கத்தில். ஒருவரும் காக்பிட்டில் கேட்கவில்லை. தகடு உடைந்ததிலிருந்து விமானம் விழும்வரை ஏறத்தாழ இருபது நிமிடம் இருந்தது. கெக்வொர்த் கிராமத்தின் அருகே, ஓடுபாதைக்குச் சற்று முன்பாக அந்த இடது இன்ஜினும் நின்றுபோனது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

பைலட்டுக்குத் தெரியாதா என்ன? இந்த ஒரு நினைப்பைத்தான் நான் எல்லாத் தவறுகளுக்கும் மேலே வைப்பேன். தெரிந்த விஷயமாகவே இருந்தாலும் கேட்டால் அவருக்கு இரண்டு விநாடிதான் போகும்.

தவறு விமானிகள் பக்கமும் உண்டு. பின்னாலிருந்து வரும் குரலை, "சரிம்மா, பார்த்துக்கறேன்" என்று ஒருமுறை வெட்டிவிட்டால் அந்தப் பெண் அடுத்த முறை போனை எடுக்க மாட்டாள். நேரம் சொல்லாமல் விடுவது இன்னொன்று. "கேபினைத் தயார் பண்ணுங்க" என்றால் எத்தனை நிமிடத்துக்குள்? அவசர நேரத்தில் சொல்ல வேண்டியதை நான்காகப் பிரித்து 'நிட்ஸ்' என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள்: என்ன பிரச்சினை, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, விசேஷமாக ஏதாவது உண்டா. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வதைச் சடங்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஊட்டியிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பர்லியார் தாண்டும்போது காது அடைக்கிறதல்லவா, விமானம் இறங்கும்போதும் அப்படித்தான். அடைத்த காதில் 'ஃபிஃப்டீன்' என்றாலும் 'ஃபிஃப்டி' என்றாலும் ஒன்றுதான்.

நேரமே இல்லாத சந்தர்ப்பமும் வரும். 2009இல் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் கேப்டன், மோதலுக்குத் தயாராகுங்கள் என்று மட்டும்தான் அறிவித்தார். தண்ணீரில் இறங்குகிறோம் என்ற சொல் அதில் இல்லை. 155 பேரும் பிழைத்தார்கள், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் தரையா தண்ணீரா என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கதவைத் திறப்பது என்று கேபின் முடிவெடுக்கும்.

அப்புறம், இறங்கும் முன் நாம் காக்பிட்டுக்குச் சொல்லும் 'கேபின் ரெடி' என்ற சொல். பார்க்காமல் சொல்லிவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கும். நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு பின்பக்க டாய்லெட் கதவு திறந்து ஒரு பெரியவர் ஈரக் கையோடு வெளியே வந்தார். சக்கரம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. அவரைக் கிடைத்த காலி இருக்கையில் அழுத்தி உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, நான் ஓடிப்போய் என் ஜம்ப் சீட்டில், அதாவது க்ரூவுக்கான மடக்கு இருக்கையில் விழுந்தேன். 'ரெடி' என்று கேட்டதும் விமானிகள் கேபினை மனதிலிருந்து இறக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே ட்ராலிக் கொக்கி, டாய்லெட், கடைசி வரிசை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தச் சொல். தாமதமானால், "இன்னும் இல்லை, ஒரு நிமிடம்" என்று சொல்லலாம். அவசியமானால் அவர்கள் இன்னொரு சுற்று சுற்றி வருவார்கள்.

இடது வலது பற்றி அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொன்னேன். ஜம்ப் சீட்டுகளில் பலவும் பயணிகளைப் பார்த்தபடி இருக்கும், அதாவது வாலைப் பார்த்து. அங்கே உட்கார்ந்து "லெஃப்ட்ல புகை" என்றால் அது விமானிக்கு ரைட். விமானத்தின் மூக்கைப் பார்த்து நின்றால் வருவதுதான் எப்போதும் இடது. பதற்றத்தில் அது குழம்பும், அதனால் வரிசை எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"போன் பண்ணி, ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சுன்னா அசிங்கமா இருக்காதா அக்கா?" என்று கேட்டாள். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. ஒரு இரவு, கோயம்புத்தூரில் இறங்கப் போகும் நேரம், கேபின் நடுவில் கருகல் வாடை. கைநடுங்க போன் செய்தேன். கடைசியில் அது யாரோ ஒரு பயணி பையில் வைத்திருந்த, மசாலா தடவிச் சுட்ட மக்காச்சோளம். கேப்டன் கோபிக்கவில்லை. புகை இருக்கிறதா என்றுகூட முதலில் கேட்கவில்லை. "எத்தனாவது வரிசை?" என்றார்.