ஊர் பப்பை ஊரே வாங்குவது எப்படி

இங்கிலாந்தில் சிறு பீர் ஆலைகளுக்குக் குறைவில்லை. அந்த பீரை ஊற்றும் குழாய்க்குத்தான் பஞ்சம். எவ்வளவு பக்குவமாகக் காய்ச்சினாலும், பக்கத்து ஊர் பப்பில், நிலவறையிலிருந்து பீரை இழுத்து ஊற்றும் ஒரு கைப்பம்பு கிடைக்காவிட்டால் சரக்கு பீப்பாயிலேயே கிடந்து புளிக்கும். ஏராளமான பப்களின் கட்டடம் பெரிய பப் கம்பெனிகளுக்குச் சொந்தம். அவற்றில் பல 'டை' என்ற கட்டுக்குள் இருப்பவை: நடத்துபவர் வாடகையும் தர வேண்டும், பீரையும் கம்பெனி வழியாக, கம்பெனி சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும்.

இந்தக் கட்டை உடைக்க அரசு ஒருமுறை இறங்கியது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள், அதற்கு மேற்பட்டவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1989இல் ஆணை வந்தது. ஆலைகள் பப்களை மொத்தமாக விற்றுத் தள்ளின. வாங்கியவை, பீர் காய்ச்சாத, கட்டடமும் கடனுமே தொழிலான கம்பெனிகள். கயிறு கை மாறியது, முடிச்சு அவிழவில்லை. 2016 முதல், கட்டுக்குள் 500 பப்களோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனியிடம், குறிப்பிட்ட தருணங்களில் "சந்தை வாடகை மட்டும் தருகிறேன், பீரை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று குத்தகைக்காரர் கேட்கலாம். அது அவருக்கு உள்ள வழி. ஊருக்கு உள்ள வழி, கட்டடத்தையே வாங்குவது. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊர்க்காரர்கள் 2003இல் தங்கள் 'ஓல்ட் கிரவுன்' பப்பை அப்படித்தான் வாங்கினார்கள். அவ்வூர் ஆலை 1999லேயே கூட்டுறவாகிவிட்டது.

விற்பனைப் பலகை தொங்கும் முன்பே

முதல் வேலை, பப்பை 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் பட்டியலில் ஏற்றுவது. 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் இதற்கு இடம் தருகிறது. வாக்காளர் பட்டியலில் உள்ள உள்ளூர்க்காரர்கள் 21 பேர் சேர்ந்தால் பதிவில்லாத குழுவாகவே மனுப் போடலாம். ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சிலும் போடலாம். இடத்தின் எல்லை, உரிமையாளர், நடத்துபவர் விவரம், காரணம் எல்லாம் மனுவில் இருக்க வேண்டும். 8 வாரத்தில் கவுன்சில் முடிவு சொல்லும். ஏறினால் 5 ஆண்டுக்குச் செல்லும். லண்டன் நன்ஹெட்டில் உள்ள 'ஐவி ஹவுஸ்' 2012இல் இப்படிப் பட்டியலேறி, அடுத்த ஆண்டே ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது.

மனுக்கள் தோற்பது பெரும்பாலும் காரணம் எழுதும் இடத்தில். "நூறாண்டுப் பழமை, அழகான மர வேலைப்பாடு" என்று எழுதிப் பயனில்லை. சட்டம் கேட்பது கட்டடக் கலையை அல்ல. செவ்வாய் இரவு டார்ட்ஸ் அணி, முதியோர் மதிய உணவு, இழவு வீட்டுக் கூடல் என்று அங்கே நடப்பதைத் தேதி, ஆள் எண்ணிக்கையோடு எழுதுங்கள். இது இனியும் நடக்க வாய்ப்புண்டு என்பதையும் காட்டுங்கள்.

பட்டியலேறிய பப்பை விற்க நினைத்தால் உரிமையாளர் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 6 வாரம் விற்கத் தடை. அதற்குள் உங்கள் குழு, பதிவு பெற்ற அமைப்பாக, "நாங்களும் வாங்கக் கேட்கிறோம்" என்று எழுதித் தந்தால், தடை அதே தேதியிலிருந்து 6 மாதமாக நீளும். எண்ணத் தொடங்கும் நாள் உங்கள் கடிதம் போன நாளல்ல, உரிமையாளர் அறிவித்த நாள். இதில் கோட்டை விட்டவர்கள் உண்டு. இன்னொன்று: இது கேட்கும் உரிமைதான், வாங்கும் உரிமை அல்ல. 6 மாதம் முடிந்ததும் அவர் யாருக்கும் விற்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் தொழிலாகவே கட்டடத்தோடு விற்றால் இந்தத் தடையே பொருந்தாது. இந்த விதிகளை மாற்றும் மசோதா 2025இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆகவே காலக்கெடுவை எழுதிக்கொள்ளும் முன் கவுன்சிலில் இன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள்.

சங்கமும் பணமும்

அந்த 6 மாதத்துக்குள் பங்கு விற்று, கடன் பேசி, பத்திரம் முடிப்பதே மூச்சு முட்டும் வேலை; பதிவில்லாத குழுவால் தடையை நீட்டக் கேட்கவும் முடியாது. ஆகவே சங்கத்தை முன்கூட்டியே பதிவு செய்து வையுங்கள். 'சமூக நலச் சங்கம்' என்ற வடிவம் இதற்குப் பொருந்தும். நிறுவ 3 பேர் போதும், பதிவு, நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ.யிடம். விதிமுறைகளை நீங்களே எழுத உட்காராதீர்கள்; ஊர்க் கூட்டுத் தொழில்களுக்கு உதவும் பிளங்கெட் அமைப்பின் மாதிரி விதிகள் இருக்கின்றன. நூறு பவுண்டு போட்டவருக்கும் ஐம்பதாயிரம் போட்டவருக்கும் ஒரே ஓட்டு. பங்கின் விலை ஏறாது, வெளியாருக்கு விற்கவும் முடியாது. சங்கத்திடமே திருப்பித் தந்து பணம் பெறலாம், அதுவும் சங்கத்திடம் பணம் இருந்தால். இழப்பு வந்தால் ஈட்டுத் தொகை தரும் அரசுத் திட்டம் எதுவும் இந்தப் பங்குகளைக் காக்காது. இதைப் பங்கு அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

கூட்டத்தில் கை தூக்கியவர்களின் தொகையைப் பணமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். காசோலை கைக்கு வரும்போது அது சுருங்கியிருக்கும். மானியத்தை நம்பியும் திட்டம் போட வேண்டாம்: இதற்கென்றே 2021இல் தொடங்கிய அரசு நிதி 2024 டிசம்பரில் மூடப்பட்டது.

விலை பேசும் முன் பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளரை வைத்துச் சந்தை மதிப்பும் கட்டட ஆய்வும் எடுங்கள். கூரை, நிலவறை ஈரம், சமையலறைப் புகைபோக்கி மூன்றும்தான் பணத்தை விழுங்கும். வழக்கறிஞரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பத்திரத்தில் "இங்கே பப் நடத்தக் கூடாது" என்பது போன்ற நிபந்தனை உண்டா? விற்பவர் கட்டடத்தின் மீது வாட் (மதிப்புக் கூட்டு வரி) வசூலிக்கத் தேர்ந்திருக்கிறாரா? இரண்டாவதற்கு ஆம் என்றால், கடைசி வாரத்தில் விலைக்கு மேல் 20 சதவீதம் வந்து நிற்கும். மது உரிமத்தை மாற்றவும், பொறுப்பாளராகத் தனிநபர் உரிமம் உள்ள ஒருவரை நியமிக்கவும் விண்ணப்பம் சாவி வாங்கும் நாளிலேயே போக வேண்டும். இல்லாவிட்டால் திறப்பு விழாவில் எலுமிச்சைச் சாறுதான்.

ஒரு பைண்டின் கணக்கு

கட்டு நீங்கினால் என்ன மிஞ்சும்? எண்கள் உதாரணத்துக்கு. 9 கேலன் பீப்பாயான ஃபர்கினில் 72 பைண்ட் (ஒரு பைண்ட், அரை லிட்டருக்குச் சற்று மேல்). அடி வண்டலும் சிந்தலும் போக 68 விற்கும். பைண்ட் 4.80 பவுண்டு என்றால் வாட் போகக் கையில் 4 பவுண்டு. ஆலையிடம் நேரடியாக 110 பவுண்டுக்கு வாங்கினால் பைண்டுக்கு அடக்கம் 1.62, கட்டுக்குள் 160 என்றால் 2.35. வாரம் 300 பைண்ட் விற்கும் பப்பில் ஆண்டுக்குச் சுமார் 11,400 பவுண்டு வித்தியாசம். அதில் ஒரு பகுதியை ஆலைக்கே கூடுதல் விலையாகத் தரலாம். சிறு ஆலைகளைக் கசக்குவது பப் கம்பெனி மட்டுமல்ல, பணத்தை மூன்று மாதம் இழுத்தடிக்கும் 'நண்பர்களும்'தான். 14 நாளில் பணம் தருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள்; நல்ல பீப்பாய் உங்களுக்குத்தான் முதலில் வரும்.

நிலவறை

ஊர் பப்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதுவும் ஆர்வக் கோளாறால். ஆறு ஊர் ஆலைகளுக்கும் இடம் தர வேண்டும் என்று ஆறு கைப்பம்பு வைப்பார்கள். குழாய் தட்டிய ஃபர்கினை 3 நாளில் விற்றுத் தீர்க்க வேண்டும், அதாவது ஒரு பம்புக்கு நாளைக்கு 24 பைண்ட். வாரம் 300 என்றால் நாளைக்கு 43. இரண்டு பம்புக்கே அது போதாது! ஆறு வைத்தால் நாலாம் நாள் எல்லாமே காடி. ஆலைகளைச் சுழற்சியில் எடுங்கள். கூடுதல் வகை வேண்டுமென்றால், வாயு அழுத்தத்தில் அதிக நாள் தாங்கும் 30 லிட்டர் கெக் எடுங்கள்; அதில் 52 பைண்ட் கிடைக்கும். அப்போது கரியமில வாயுக் கசிவுக்கு எச்சரிக்கை மணி இல்லாமல் நிலவறையில் வேலை செய்யக் கூடாது.

நிலவறை வெப்பம் 11 முதல் 13 டிகிரி. அதற்குக் கீழே பீர் கலங்கும், மேலே போனால் வாயு இழந்து சீக்கிரம் புளிக்கும். பீப்பாய் வந்ததும் தாங்கியில் படுக்க வைத்து ஆப்பு வைத்துவிடுங்கள். பிறகு அசைக்கக் கூடாது. மேல் அடைப்பில் நுண்துளையுள்ள மென்மரக் குச்சியை அடித்தால் நுரை பொங்கி வாயு வெளியேறும். பொங்கல் அடங்கியதும் கடினமரக் குச்சிக்கு மாற்றி, குழாய் தட்டி, தெளிய விடுங்கள். மொத்தம் 24 முதல் 48 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை வந்ததை அன்றிரவே ஊற்றினால் கலங்கல்தான், குற்றம் ஆலையுடையதல்ல. ஊற்றும்போது கடினக் குச்சியைத் தளர்த்த மறந்தால் பம்பு வெற்றிடத்தை இழுக்கும். இரவில் இறுக்க மறந்தால் காலையில் பீர் சப்பிட்டிருக்கும். பாதி தீர்ந்ததும், பம்பு ஓடாத நேரமாகப் பார்த்து, பின்பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள்.

பீரைத் தெளிய வைக்கப் பல ஆலைகள் சேர்ப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள். சைவக்காரர் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அது சேர்க்காத பீரும் கிடைக்கிறது, சற்றே மங்கலாக.

குழாய்களை 7 நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள்: தண்ணீர், டப்பாச் சீட்டில் சொன்ன அளவில் கரைத்த குழாய் கழுவும் மருந்து, சொன்ன நேரம் ஊறல், மறுபடி தண்ணீர். அந்த மருந்தைக் கண்ணாடிக் கறை நீக்கும் அமிலத்தோடு ஒரே வாளியில் விட்டால் குளோரின் வாயு கிளம்பும். அலசி முடித்ததும், வரும் தண்ணீரைச் சோதனைத் தாளில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பம்பில் பீரை ஏற்ற வேண்டும்.