ஸ்பானியச் சொல்லுக்கு லத்தீன் வேர் தேடுகிறீர்களா? இங்கெல்லாம் வழுக்கும்

ஸ்பானியம் படிக்கிறவர்கள் பலரும் முதலில் சறுக்குவது உருவ ஒற்றுமையில்தான். 'முச்சோ' என்றால் நிறைய. ஆங்கில 'மச்' சொல்லுக்கும் கிட்டத்தட்ட அதே பொருள். ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முச்சோ வந்தது லத்தீன் 'முல்டும்' வழியாக. மச் ஜெர்மானியச் சொல். லத்தீன் 'ஹபேரே'யும் ஆங்கில 'ஹேவ்'வும் இதே கதைதான்.

உருவத்தை விட்டுவிட்டு ஒலி மாறும் ஒழுங்கைப் பாருங்கள். லத்தீனில் நடுவே இருந்த 'க்ட்' ஸ்பானியத்தில் 'ச்ச்' ஆகிவிட்டது: எட்டு என்னும் 'ஒக்டோ' ஓச்சோ ஆனது, இரவைக் குறிக்கும் 'நோக்டெம்' நோச்சே ஆனது. அகராதியில் இரவுக்குத் தலைச்சொல்லாக இருப்பது 'நோக்ஸ்' ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். அது எழுவாய் வடிவம். ஸ்பானியப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து வந்தவை.

எனக்குப் பிடித்த தவறு இன்னொன்று: இலக்கிய லத்தீனில் மட்டும் தேடுவது. குதிரைக்கு அங்கே 'எக்வுஸ்'. ஸ்பானியத்தில் 'கபாயோ'. இது பேச்சு லத்தீனின் 'கபால்லுஸ்' தந்த சொல். வேடிக்கை என்னவென்றால், பெண் குதிரைக்கு மட்டும் பழைய 'எக்வா' தப்பிப் பிழைத்து 'யெகுவா' ஆகிவிட்டது. நெருப்புக்கும் 'இக்னிஸ்' கைகொடுக்காது. அடுப்பங்கரையைக் குறித்த 'ஃபோகுஸ்'தான் 'ஃபுவேகோ' ஆனது. 'அப்பெண்டிக்ஸ் ப்ரோபி' என்று ஒரு பழைய பிழைதிருத்தப் பட்டியல் உண்டு. காதை 'அவுரிஸ்' என்று சொல், 'ஓரிக்லா' என்று சொல்லாதே என்கிறது அது. ஸ்பானியர்கள் இன்று காதை 'ஒரேஹா' என்கிறார்கள், அதாவது திட்டு வாங்கிய ஓரிக்லாவேதான்.

எல்லாமே லத்தீன் என்று நினைப்பதும் தப்பு. 'அப்படி நடக்கட்டும்' என்று ஆசைப்படும்போது சொல்லும் 'ஓஹலா' அரபியிலிருந்து வந்தது. இடதுபக்கத்தைச் சொல்லும் 'இஸ்கியெர்தா' பாஸ்க் மொழியோடு சேர்ந்தது.

அப்புறம், ஒரே லத்தீன் சொல் இரண்டு தடவை வந்திருக்கலாம். சாவி என்னும் 'கிளாவெம்' மக்கள் வாயில் உருண்டு 'யாவே' ஆனது; பின்னாளில் படித்தவர்கள் அதையே ஏறக்குறைய அப்படியே எடுத்து 'கிளாவே' என்றார்கள், மர்மத்தின் திறவுகோல் போன்ற பொருளில். நம் 'சாவி'யும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அதை யாவேயிலிருந்து வரவழைக்காதீர்கள். தமிழுக்கு அதைக் கொண்டுவந்தது போர்த்துகீசியத்தின் 'சாவே'.