இரட்டைத்தள விமானத்தில் நீண்ட பயணம்: பலரும் செய்யும் தவறுகள்

இரண்டு தளங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ380 பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது 2007 அக்டோபரில். முதல் பயணம் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு. 2021-இல் 251-ஆவது விமானத்தோடு உற்பத்தி நின்றது. மிச்சமிருப்பவை இன்னும் நெடுந்தொலைவுப் பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிறுவனத்தைப் பொறுத்து ஏறக்குறைய 400 முதல் 615 சீட் வரை இருக்கும். விமானம் பெரிது, அதனால் பயணமும் வசதியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கிளம்புவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. இடம் தாராளம்தான். ஆனால் அந்த இடத்தையும், கேட்டையும், கழிப்பறையையும், பெட்டி வரும் பெல்ட்டையும் உங்களோடு சேர்த்து ஐந்நூறு பேர் பயன்படுத்துகிறார்கள்.

சீட் தேர்வு

'மாடியில் உட்காரலாம்' என்ற ஆசையில் டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு கீழ்த்தளத்தில் உட்கார்ந்து வருபவர்கள் நிறையப் பேர். மேல்தளத்தில் எகானமி இருக்குமா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மேல்தளம் முழுக்க சூட் (தனியறை போன்ற முதல் வகுப்பு), பிசினஸ் வகுப்புகளுக்கே. குவான்டாஸில் பிசினஸும் பிரீமியம் எகானமியும் மேலே, எகானமி கீழே. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டிலும் மேல்தளத்தின் பின்பகுதியில் எகானமி உண்டு. எமிரேட்ஸில் ஒரே நிறுவனத்துக்குள்ளேயே வேறுபாடு: 615 சீட் கொண்ட விமானங்களில் மட்டும் மேலேயும் எகானமி இருக்கும். ஆகவே விளம்பரப் படத்தை நம்பாமல், உங்கள் பயண எண்ணுக்கான சீட் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

மேல்தளத்தில் எகானமி கிடைத்தால் அமைப்பு 2-4-2. இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எகானமியில் இல்லை. மூன்றாவது ஆளைத் தாண்டி எழுந்து போகவேண்டிய தொல்லை கிடையாது. ஆனால் இதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேல்தளத்தில் விமானத்தின் சுவர் உள்நோக்கி வளைகிறது. ஜன்னலுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்கு இடைவெளி விழும். சுவரில் தலைசாய்த்துத் தூங்கலாம் என்ற கணக்கு பலிக்காது. அந்த இடைவெளியில் மூடி போட்ட ஒரு பெட்டி இருக்கும். லேப்டாப், செருப்பு, புத்தகம், போர்வை எல்லாம் அதில் அடங்கும். ஓரத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டி கீழ்த்தளத்தில் இருப்பதைவிடச் சின்னது. விறைப்பான டிராலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே முட்டிக்கொண்டு நிற்பதைவிட, மடங்கும் துணிப் பை கொண்டுபோவது நல்லது.

கீழ்த்தளத்தில் எகானமி 3-4-3. இதைப் பார்த்ததும் 'நெரிசல்' என்று ஒதுக்குவதும் தவறுதான். போயிங் 777-இலும் பல நிறுவனங்கள் இதே 3-4-3 வைத்திருக்கின்றன; அங்கே சீட் அகலம் 17 அங்குலம் அளவில் நிற்கும். ஏ380-இன் உடற்பகுதி அதைவிட அகலம் என்பதால் ஏறக்குறைய 18 அங்குலம் கிடைக்கும். காகிதத்தில் ஓர் அங்குலம்தான். பதினான்கு மணி நேரம் பக்கத்து ஆளோடு தோள் உரசாமல் இருப்பது அந்த ஓர் அங்குலத்தால்தான்.

அவசரக் கதவுக்கு அடுத்த வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டியவை சில. கால் நீட்ட இடம் உண்டு. ஆனால் கதவின் உட்புறம் புடைத்திருப்பதால், ஜன்னலோர சீட்டில் ஒரு காலுக்கு இடம் இடிக்கும். மேசையும் திரையும் கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடி மேலே தூக்காது, சீட்டும் சற்றுக் குறுகும். முன்னால் சீட் இல்லாததால் ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக்கூட மேலே வைத்துவிட வேண்டும். கதவோரம் குளிரும். கழிப்பறைக்குக் காத்திருப்பவர்கள் வந்து நிற்பதும் உங்கள் காலடியில்தான். இவ்வளவையும் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி. எங்களைக் கேட்டால் அந்த வரிசையில் நடைபாதை சீட்டுக்கு மட்டுமே கூடுதல் பணம் தகும்.

சீட்டைத் தேர்ந்தெடுத்ததோடு மறந்துவிடாதீர்கள். கூட்டம் குறைந்தாலோ பழுது வந்தாலோ நிறுவனம் வேறு விமானத்தை மாற்றிவிடும். உங்கள் சீட் எண்ணும் தானாக எங்கோ நகர்ந்துவிடும். முன்பதிவில் விமான வகை என்ற இடத்தில் 388 என்றிருந்தால் அது ஏ380. 77டபிள்யூ என்றிருந்தால் போயிங் 777-300ஈஆர். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது ஒருமுறை, வெப் செக்-இன் செய்யும்போது ஒருமுறை பார்த்துக்கொண்டால், மாறியிருந்தாலும் நல்ல சீட்டுகள் மிச்சமிருக்கும்போதே பிடித்துவிடலாம்.

கேட்டில்

'ஐந்நூறு பேர் ஏறணுமே, மெதுவாகப் போகலாம்' என்று கடைகளைச் சுற்றிக்கொண்டிருப்பது ஆபத்தான கணக்கு. போர்டிங் பாஸில் உள்ள புறப்படும் நேரத்துக்குக் கேட்டுக்குப் போனால் போதாது; கேட் அதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும். நீங்கள் வராவிட்டால் உங்கள் பெட்டியையும் இறக்கியாக வேண்டும். அதைத் தேடி எடுக்க நேரமாகும் என்பதால் கேட்டில் யாரும் தயவு பார்க்க மாட்டார்கள்.

பெரிய விமான நிலையங்களில் மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனிப் பாலம். தவறான பாலத்தில் போனால் உள்ளே படிக்கட்டு இருக்கிறதுதான். ஆனால் எதிரே வரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பையோடு ஏறவேண்டும். பலகையைப் பார்த்து நிற்பது சுலபம்.

வரிசையில் நிற்கும்போதே தேவையானதை ஒரு சின்னப் பைக்குப் பிரித்துவிடுங்கள்: மருந்து, கண்ணாடி, சார்ஜர் கம்பி, ஹெட்போன், பேனா, ஒரு மெல்லிய மேலாடை. சீட்டுக்கு வந்தபின் பெரிய பையைத் திறந்து தேடுகிற ஒருவரால் பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள்.

பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வரவேண்டும். அனுமதி 100 வாட்-மணி வரை. கணக்கு எளிது: பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் எம்ஏஎச் (mAh) அளவை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்றால் 74, தாராளமாகப் போகும். 30,000 என்றால் 111. நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் 2025 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டிருக்கின்றன. ஆகவே போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஏறுங்கள்.

காற்றில்

ஏ380 உள்ளே அமைதியானது. ஆனால் எஞ்சின் இரைச்சல் குறைந்திருப்பதால், மற்ற விமானங்களில் அது அமுக்கிவிடும் ஓசையெல்லாம் இங்கே தெளிவாகக் கேட்கும்: நான்கு வரிசை தள்ளிக் குழந்தை அழுவது, பின்சீட்டில் நடக்கும் பேச்சு, சமையற்கட்டில் தள்ளுவண்டி உருளுவது. அமைதியான விமானம்தானே என்று காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள்.

பெரிய விமானம் குலுங்காது என்பது அடுத்த மூடநம்பிக்கை. குலுக்கல் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற ஒரு 777-300ஈஆர், அதுவும் பெரிய விமானம்தான், திடீர்க் கொந்தளிப்பில் 4.6 விநாடிக்குள் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள், ஒருவர் இறந்தார். 'பெல்ட் போடுங்கள்' என்ற விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைத் தளர்த்தி மாட்டியே வையுங்கள். தூங்கும்போது போர்வையை முதலில் போர்த்தி, அதற்கு மேலே பெல்ட் கொக்கி தெரியும்படி மாட்டுங்கள். விளக்கு எரிந்ததும் பணியாளர்கள் உங்களை எழுப்பிப் பார்க்க வேண்டியிருக்காது.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. மொத்தத்தில் ஆபத்து ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவுதான். ஆனால் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள் கிளம்புமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். செய்ய வேண்டியது சிரமமில்லை: குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களைத் தூக்குங்கள், பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். கெண்டைச்சதை இறுகுவது கையால் தொட்டால் தெரிய வேண்டும். மணிக்கு ஒருமுறை இருபது தடவை. கைப்பையைக் காலடியில் திணித்துவைத்தால் இதைச் செய்யவே இடமிருக்காது; தூக்க மாத்திரை போட்டு ஒரே நிலையில் எட்டு மணி நேரம் கிடப்பது அதைவிட மோசம்.

கழிப்பறைக்குச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் எழுந்து போவார்கள். தள்ளுவண்டி வருமுன் போய் வந்துவிடுங்கள். கீழே இறங்கத் தொடங்கியதும் தூங்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவதால் காது அடைத்துக்கொண்டு வலிக்கும்; கைக்குழந்தைக்கும் அந்த நேரத்தில் பால் கொடுப்பதே நல்லது.

கதவுகள்

மொத்தம் 16 கதவுகள். கீழே 10, மேலே 6. 2006-இல் ஹாம்பர்கில் நடந்த சோதனையில், இருட்டில், பாதிக் கதவுகளை மட்டும் திறந்து, 873 பேர் 78 விநாடியில் வெளியேறினார்கள். விதி 90 விநாடி. அவர்களில் யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மேல்தளக் கதவு தரையிலிருந்து ஏறக்குறைய 8 மீட்டர் உயரம். அங்கிருந்து சறுக்கும்போது கையில் பெட்டி இருந்தால் உங்களுக்கும் முன்னால் இறங்கியவருக்கும் அடி. உட்கார்ந்ததும் முன்னால் உள்ள கதவுக்கும் பின்னால் உள்ள கதவுக்கும் எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். புகையில் சீட்டின் தலைப்பகுதியைத் தடவி எண்ணித்தான் போக முடியும். மேலே இருப்பவர்கள் பணியாளர் சொல்லாமல் படிக்கட்டுக்கு ஓட வேண்டாம், மேல்தளத்துக்கென்றே ஆறு கதவுகள் இருக்கின்றன. ஏறும்போதும் இறங்கும்போதும் செருப்பைக் கழற்றாதீர்கள்.

இறங்கிய பிறகு

இணைப்பு விமானத்துக்கு ஒரு மணி நேரம் போதும் என்று கணக்குப் போடும்போது, உங்களோடு ஐந்நூறு பேர் அதே பாதுகாப்புச் சோதனைக்கும் குடியேற்ற வரிசைக்கும் வருவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

பெட்டி வரவில்லை, அல்லது உடைந்து வந்தது என்றால் அந்தக் கூடத்தைவிட்டு வெளியே போகாதீர்கள். அங்கேயே விமான நிறுவனத்தின் மேசையில் புகார் எழுதி, எண் வாங்கிக்கொள்ளுங்கள்; செக்-இன்னில் கொடுத்த பெட்டிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். சர்வதேச விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்டிருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும்.