நாளை முதல் கல்லூரி மூடல்: துறைத்தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் துறைத்தலைவர் ஆனவர்களுக்கான பயிற்சியில் ஒரு கேள்வி கொடுத்தேன். கொரோனா மாதிரி இன்னொன்று வந்து நாளை முதல் கல்லூரி மூடல். உங்கள் முதல் உத்தரவு என்ன? பெரும்பாலானோர் எழுதிய பதில்: “ஒவ்வொரு ஆசிரியரும் தினமும் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும்.” 2020-ல் நாங்கள் போட்ட அதே உத்தரவு! முகக்கவசம், ஜூம் லிங்க் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆதாரம் கேட்டே வேலை வாங்குவது

2020 மார்ச் 17 முதல் தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டன. அப்புறம் ஆன்லைன் வகுப்பு சூடுபிடித்தபோது, நான் இருந்த சுயநிதிக் கல்லூரியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வகுப்பு தொடங்கும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட், முடியும்போது ஒன்று. இரண்டையும் வேர்டில் ஒட்டி மாலை ஐந்துக்குள் துறைத்தலைவருக்கு அனுப்ப வேண்டும். அவர் எக்செல்லில் தொகுத்து முதல்வருக்கு, முதல்வர் கல்லூரிச் செயலாளருக்கு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகைக்காக வருடக்கணக்கில் கோப்பு சேர்த்த கை சும்மா இருக்குமா?

ஆசிரியர்கள் சீக்கிரமே சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்கள். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும்: “எல்லாரும் உள்ளே வாங்க, ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும்.” நடுவில் காணாமல் போனவர்கள் திரும்ப வருவார்கள். கேமரா அணைந்த வட்டங்களில் பெயரின் முதலெழுத்து மட்டும் வரிசையாகத் தெரியும். அதுதான் வருகைப்பதிவு.

ஆனால் கணக்கு ஆசிரியை ஒருவர், பிளாஸ்டிக் ஸ்டூலில் செல்போனைக் கவிழ்த்துக் கட்டி, கீழே தாள் வைத்து வரிவரியாகப் போட்டுக் காட்டினார். அருமையான வகுப்பு. படத்தில் அவர் கை மட்டும்தான் தெரிந்தது. “முகம் தெரியவில்லை” என்று விளக்கம் கேட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

செப்டம்பரில் இறுதியாண்டுத் தேர்வு. வீட்டிலேயே ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அன்று காலை அலுவலக போன் ஓயவில்லை. “அப்பா செல்லை எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டார் சார், ராத்திரிதான் வருவார்.” நிர்வாகத்துக்கு அதிர்ச்சி. ரிப்போர்ட்டில் எல்லாரும் வகுப்பில் இருந்தார்களே! வீட்டுக்கு ஒரே செல் என்பது வகுப்பு ஆசிரியர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். ஆனால் அந்தப் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. எழுதினால் “ஏன் வரவில்லை” என்று ஆசிரியரிடமே கேட்பார்கள் என்ற பயம் வேறு. முன்பே தெரிந்திருந்தால் பாதி வகுப்பை இரவு ஏழு மணிக்கு மாற்றியிருக்கலாம், வாய்ஸ் நோட்டாக அனுப்பியிருக்கலாம். தினம் 2 ஜிபி இலவச டேட்டாவை அரசு அறிவித்ததே 2021 ஜனவரியில்தான். அதுவரை மாணவர் தன் காசில்தான் சமாளித்தார்.

ரிப்போர்ட்டுக்குப் பதில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஆசிரியருக்கும் நீங்களே போன் போடுங்கள். யார் வரவில்லை, ஏன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள், திருப்பி அவர்மேல் பாயாதீர்கள்.

சம்பளம் பற்றி வாய் திறக்காமல் இருப்பது

சம்பளத்தில் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் எவ்வளவு, எத்தனை மாதம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்து ஆசிரியர் தெரிந்துகொள்ளக் கூடாது. கெஸ்ட் லெக்சரர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

இரவு பத்து மணிக்குச் சுற்றறிக்கை

காலையில் அனுப்புங்கள்.

திறக்கும் தேதியை அடித்துச் சொல்வது

2020 டிசம்பர் 7-ல் இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்குத் திறந்தார்கள், 2021 பிப்ரவரி 8-ல் மற்றவர்களுக்கும். மார்ச்சில் மறுபடி ஆன்லைன். பிறகு செப்டம்பர் 1-ல்தான் கதவு திறந்தது. அரசாணை கைக்கு வரும் முன்பே விடுதியைக் காலி செய்யச் சொன்னவர்களும், ஊரிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தவர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. எது முடிவானது, எது இன்னும் முடிவாகவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அட்டெண்டர்களை மறப்பது

ஆசிரியர்கள் வீட்டிலிருந்தபோது மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த கூட்டத்தை எதிர்கொண்டது அலுவலக ஊழியர்களும் அட்டெண்டர்களும்தான். ஆலோசனைக் கூட்டத்தின் ஜூம் லிங்க் அவர்களுக்குப் போகவே இல்லை. அடுத்த முறை முதல் பெயராக அவர்களைச் சேருங்கள்; கவுன்டரில் எத்தனை பேரை நிற்க விடலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்.