கண்ட்ரோலர் மாற்றும்போது வயர் நிறத்தை நம்பாதீர்கள்

மின்சார சைக்கிளுக்கு வேறு கண்ட்ரோலர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து அனுப்பும் பெட்டி) வாங்கும்போது, ‘செல்ஃப் லேர்னிங்’ வயர், அதாவது மோட்டார் வயர்களின் சரியான வரிசையைக் கண்ட்ரோலரே கண்டுபிடிக்க உதவும் வயர், உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் அது வெள்ளை நிற ஜோடியாக இருக்கும், லேபிளையும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, அந்த இரண்டையும் இணைத்து, சுவிட்சைப் போடுங்கள். சக்கரம் தானாகச் சுற்றும். பின்னோக்கிச் சுற்றினால் வயரைக் கழற்றி மறுபடி இணைத்தால் திசை மாறும். சரியானதும் கட்டாயம் பிரித்து, டேப் சுற்றி விடுங்கள்.

இது ஏன் தேவை என்றால், மோட்டாரின் மூன்று பேஸ் வயர்களும் (மோட்டாரைச் சுற்றவைக்கும் மின்சாரம் போகும் வயர்கள்) மூன்று ஹால் சென்சார் வயர்களும் (மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்பவை) கண்ட்ரோலரோடு ஒரே வரிசையில் பொருந்த வேண்டும். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மொத்தம் 36 விதமாக இணைக்கலாம். தவறான இணைப்பிலும் சில சமயம் சக்கரம் சுற்றும், ஆனால் கரண்ட்டை அதிகமாக இழுக்கும். செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறுபவர்களுக்கு இது முக்கியம்: சமதளத்தில் தெரியாத கோளாறு, ஏற்றத்தில் கண்ட்ரோலரையே எரித்துவிடும்.

ஹால் சென்சார் இல்லாத மோட்டாருக்கும், சென்சார் பழுதான மோட்டாருக்கும் இந்த வயர் வரிசை கண்டுபிடிக்க உதவாது. பேட்டரியும் கண்ட்ரோலரும் ஒரே வோல்ட்டா என்பதை இணைப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.