எல்லார் போனிலும் அப்டேட் போட வைத்த கதை

கோத்தகிரி பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் 23 பேர் நாங்கள், செய்திகளைப் பூட்டி அனுப்பும் மேட்ரிக்ஸ் என்ற சாட் வலையமைப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். எந்த ஃபாக்டரி கொழுந்துக்குக் கிலோவுக்கு என்ன தருகிறது என்ற பேச்செல்லாம் அதில்தான். அட்மின் நான் ஒருத்தி. 2021 செப்டம்பர் 13 அன்று மேட்ரிக்ஸுக்கான எலிமெண்ட், ஃப்ளஃபிசாட், நெகோ ஆப்களில் பாதுகாப்பு ஓட்டை என்று அறிவிப்பு வந்தது.

பூட்டிய செய்தியைத் திறக்க முடியாத போன், மற்ற போன்களிடம் அதைத் திறக்கும் சாவியைக் கேட்கும். கேட்பது யார் என்பதை ஆப்களுக்குள் இருந்த நிரல் சரியாகப் பார்க்கவில்லை. பனிமூட்டத்தில் கதவைத் தட்டி "நான்தான்" என்றால் முகம் பார்க்காமல் சாவியை நீட்டுகிற மாதிரி. தட்டுகிறவன் முதலில் ஒரு மெம்பரின் கணக்கையோ சர்வரையோ கைப்பற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாவியைக் கொடுப்பது அடுத்தவர் போன். அதனால் "நான் அப்டேட் போட்டுட்டேன்" என்பது பாதி வேலைகூட இல்லை. குழு மொத்தமும் போட வேண்டும். ஐபோன் எலிமெண்ட்டில் மட்டும் இந்தக் கோளாறு இருக்கவில்லை.

அடுத்து ரெகவரி கீயை, அதாவது பழைய செய்திகளை மீட்கும் சாவியை, பேப்பரில் எழுதுங்கள். அது இல்லாமல் லாக் அவுட் செய்தால் பழைய செய்திகள் திறக்காமல் போகலாம். எழுதியாச்சா? செட்டிங்ஸில் செஷன் பட்டியலை (உங்கள் கணக்கு திறந்திருக்கும் போன், கணினிகளின் பட்டியல்) திறந்து, உங்களுடையது அல்லாததை வெளியேற்றுங்கள். பெரியப்பா குன்னூரில் விற்ற பழைய போன் அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது!

மீதி போன்களைச் சரிபார்க்கும்போது இரண்டு திரையிலும் ஏழு படங்கள் வரும்; அவை ஒன்றாக இருக்க வேண்டும். அதே சாட்டில் ஒப்பிடாதீர்கள், போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். நான் பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

"நாலாவது குடை, கண்ணு."

என் திரையில் காளான். வயிற்றைக் கலக்கியது. "கண்ணாடி போட்டுப் பாருங்க பெரியப்பா."

"அட, காளான்தான்."

மொத்தம் உள்ள 64 படங்களில் குடையும் உண்டு, காளானும் உண்டு. கீழே இருக்கும் பெயரையும் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒவ்வொருவரும் குழுவில் ஒரு சாய்கோடு போட்டு, ஒட்டினாற்போல் டிஸ்கார்ட்செஷன் என்று ஆங்கிலத்தில் (/discardsession) அடித்து அனுப்ப வேண்டும். வழக்கமாக 100 செய்திக்கோ ஒரு வாரத்துக்கோ ஒருமுறை மாறும் சாவி, அடுத்த செய்தியிலேயே மாறிவிடும்.

ஏற்கெனவே கைமாறிய சாவியைத் திரும்ப வாங்க வழியில்லை. குழுவில் வங்கிக் கணக்கு விவரம் போட்டிருந்த இரண்டு பேரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, பாஸ்புக்கை ஒருமுறை பார்த்துவிடச் சொன்னேன்.