எம்100: கன்னிக் கொத்திலுள்ள சுருள் கேலக்ஸியை 8 அங்குலத் தொலைநோக்கியில் பார்ப்பது எப்படி

எம்100 ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தள்ளி, கன்னிக் கொத்து என்ற கேலக்ஸிக் கூட்டத்துக்குள் இருக்கிறது. பட்டியலில் அதன் பிரகாச எண் 9.3 (எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்). அந்த எண்ணை நம்பி ஊர் விளக்குகளுக்கு நடுவே தேடினால் ஏமாற்றம்தான். அவ்வளவு ஒளியும் முழுநிலவின் கால்பங்கு அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. கருவியைவிட இருட்டுதான் முக்கியம். 'ஒளி மாசு ஃபில்டர்' வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். கேலக்ஸியின் ஒளி நட்சத்திர ஒளி, எல்லா நிறமும் கலந்தது. ஃபில்டர் அதையும் சேர்த்தே வெட்டிவிடும்.

பங்குனி, சித்திரை அமாவாசையை ஒட்டிய இரவுகள் ஏற்றவை. பங்குனி உத்திரத்தன்று வேண்டாம், நிலா அந்தப் பக்கத்திலேயே நிற்கும். ஏப்ரல் நடுவில் இரவு 11 மணிக்கு எம்100 தமிழ்நாட்டில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அப்போது டாப்சோனியன் (சுழலும் அடிப்பலகையில் நிற்கும் எளிய தொலைநோக்கி) குழாய் செங்குத்தாக நிற்பதால், இம்மி நகர்த்தவும் அடிப்பலகையை வெகுவாகச் சுழற்ற வேண்டிவரும். 9 மணிக்கே தேடத் தொடங்குங்கள். அதற்கு முன் அரைமணி நேரம் கண் இருட்டுக்குப் பழகட்டும்; கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

கிழக்கு நோக்கி நில்லுங்கள். சிம்மத்தின் வால் நுனியிலுள்ள உத்திர நட்சத்திரம், அதாவது டெனிபோலாவிலிருந்து அடிவானப் பக்கமாக ஆறரை டிகிரி இறங்கினால் 6 கோமா என்ற நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம் 3 டிகிரியில் 11 கோமா என்ற இன்னொரு நட்சத்திரம். இவ்விரண்டுக்கும் நடுவே சற்றுக் கீழே, இரண்டிலிருந்தும் ஏறத்தாழ 2 டிகிரியில் எம்100 இருக்கிறது. நேர்க்குழாய் ஃபைண்டரில் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) இந்த முக்கோணம் தலைகீழாகத் தெரியும். பலர் தவறுவது இங்கேதான்: 6 கோமாவுக்கு ஒரு டிகிரிக்குள்ளேயே எம்98, எம்99 என்ற வேறு இரு கேலக்ஸிகளும் இருப்பதால் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எம்100 என்று நினைத்துவிடுவார்கள்.

1200 மி.மீ. குவியத்தூரமுள்ள குழாயில் முதலில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), 48 மடங்கு உருப்பெருக்கம். ஊதிய கண்ணாடியில் படியும் மூச்சு மாதிரி ஒரு மங்கல், நடுவில் சின்னப் புள்ளி. நேராக முறைக்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வையுங்கள். தெரியவில்லையா, குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசையும் மங்கலைக் கண் எளிதில் பிடிக்கும். தெற்கே கால் டிகிரி சொச்சத்தில் ஒல்லியான கீற்றாக என்ஜிசி 4312 என்ற கேலக்ஸி தென்பட்டால், நீங்கள் பார்ப்பது எம்100தான். பிறகு 12 மி.மீ. போட்டால் வானம் கறுத்து மையம் எடுப்பாகும். சுருள் கைகளை 8 அங்குலத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

பார்த்ததைத் தாளில் வரைந்து, சுற்றியுள்ள நட்சத்திரங்களையும் குறித்து வையுங்கள். 1979 ஏப்ரலில் அமெரிக்க அமெச்சூர் கஸ் ஜான்சன் இந்தக் கேலக்ஸியில்தான் முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டார். அது 1979சி சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரம்.